அரைத்த மாவையே அரைக்காமல் கார்ட்டூன் காமெடியை ஓட்டுவது எப்படி?

நூறு எபிசோடைத் தாண்டிய கார்ட்டூன் காமெடி சலித்துப்போனால், "கதை தீர்ந்துபோச்சு" என்பார்கள். கதை அவ்வளவு சீக்கிரம் தீராது. முதலில் தேய்வது பாத்திரங்கள்தான். பாத்திரம் தேய்ந்த பிறகு எத்தனை புதுக் கதை கொண்டுவந்தாலும் அது பழசாகவே தெரியும். அதனால் பழுதுபார்க்கும் வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இது ஏற்கெனவே ஐந்தாறு சீசன் ஓட்டிவிட்டவர்களுக்கான வேலை முறை. 22 நிமிட எபிசோடை மனதில் வைத்து எழுதப்பட்டது. இணையத்துக்கு 7 நிமிடத் துண்டுகள் எடுப்பவர்கள் எண்களை மூன்றில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் பதம் பார்ப்பது

முதல் சீசனிலிருந்து ஒரு எபிசோட், நடுவிலிருந்து ஒன்று, கடைசி சீசனிலிருந்து ஒன்று எடுங்கள். முக்கியப் பாத்திரம் பேசும் 20 வரிகளை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தாளில் எழுதிவைத்துக்கொண்டு, தொடரில் வேலை செய்யாத ஒருவரைக் கூப்பிடுங்கள். எதிராளி பேசும் வரியை மட்டும் வாசித்துக் காட்டி, "இதற்கு இவர் என்ன பதில் சொல்வார்?" என்று கேளுங்கள். முதல் சீசனில் நாலைந்து பதில்களைச் சரியாகச் சொன்னவர் கடைசி சீசனில் பதினான்கு, பதினைந்தைச் சொல்லிவிட்டால் நோய் உறுதி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும். மொத்த சீசனையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த நோய்க்கு ரசிகர்களே வைத்த பெயர் உண்டு: ஃபிளாண்டரைசேஷன். சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸின் பெயரால் வந்தது. ஆரம்ப சீசன்களில் அவர் நல்ல அப்பா, நல்ல அண்டைவீட்டார், வசதியும் கொஞ்சம் கூடுதல். தொடரின் நாயகன் ஹோமருக்கு அவர்மேல் பொறாமை, காமெடியும் அதிலிருந்துதான் வந்தது. பக்தி அவருடைய பல குணங்களில் ஒன்று. போகப்போக மற்ற குணங்களெல்லாம் உதிர்ந்து, வாயைத் திறந்தாலே பக்தி என்று ஆனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

ஏன் இப்படி ஆகிறது? புதிதாகச் சேரும் எழுத்தாளர் கடைசி பத்து எபிசோடைப் பார்த்துப் பாத்திரத்தைக் கற்றுக்கொள்கிறார். அதில் எது சத்தமாகச் சிரிப்பு வாங்கியதோ அதை எடுத்துக்கொள்கிறார். அடுத்து வருபவர் இவர் எழுதியதைப் பார்த்துக் கற்கிறார். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பு இன்னும் கறுப்பாகும், சாம்பல் நிறம் காணாமல் போகும். மனிதனாகத் தெரிவது அந்தச் சாம்பலில்தான்.

மருந்து, பாத்திரத்துக்கு ஒரு பக்கம். அதில் ஐந்தே வரி: தினமும் எதற்கு ஆசைப்படுகிறான்; எதற்குப் பயப்படுகிறான்; எந்த விஷயத்தில் கெட்டிக்காரன்; என்ன செய்தாலும் தாண்டாத கோடு எது; யாருக்காக விட்டுக்கொடுப்பான். கடைசி வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சோம்பேறி நாயகன் ஐம்பதாவது எபிசோடில் வெறும் மூர்க்கனாகிவிடுவான். 1991-ல் வந்த சிம்ப்சன்ஸ் எபிசோட் ஒன்றில் ஹோமர் தன் மகள் லிசாவுக்குக் குதிரைக்குட்டி வாங்கிக்கொடுத்துவிட்டு, அந்தச் செலவைச் சமாளிக்க ராத்திரி வேலைக்கும் போகிறான். அந்த ஒரு விஷயம் இருப்பதால், அடுத்த பத்து எபிசோடில் அவன் எவ்வளவு முட்டாள்தனம் செய்தாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுகிறார். ஆறு எபிசோடுக்கு ஒரு தடவையாவது இந்த ஐந்தாவது வரி திரையில் தெரிய வேண்டும். வசனமாகச் சொல்லக்கூடாது, செய்கையாகத் தெரிய வேண்டும்.

கடிகாரத்தை என்ன செய்வது?

கார்ட்டூனில் யாருக்கும் வயதாகாது என்பது பெரிய சௌகரியம். ஆனால் அதை ஒரு முடிவாக எடுத்து, எழுதியும் வைக்காவிட்டால் இருபதாவது வருஷத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

வயதே ஆகாமல் ஓடியதற்குப் பெரிய சாட்சி ஜப்பானின் சசாயே-சான். 1969 அக்டோபரில் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. உலகின் மிக நீண்ட அனிமேஷன் தொடர் என்ற கின்னஸ் சாதனையும் அதற்குத்தான். ஒரு ஒளிபரப்பில் மூன்று குட்டிக் கதைகள், அதே குடும்பம், அதே வயது. அங்கே யாரும் புதுமையைத் தேடி வருவதில்லை. வாராவாரம் அதே வீட்டுக்குள் எட்டிப்பார்க்க வருகிறார்கள். உங்கள் தொடரும் இந்த ஜாதி என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. அதிர்ச்சியும் கிண்டலும் எதிர்பார்த்து வரும் பார்வையாளர்களை வைத்துக்கொண்டு சசாயே-சான் மாதிரி ஓட்டப் பார்ப்பதுதான் தப்பு.

வயதை நிறுத்திவைத்தால் பழைய நினைவுக் காட்சிகளில் மாட்டிக்கொள்வீர்கள். சிம்ப்சன்ஸில் 1991-ல் வந்த எபிசோடின்படி ஹோமரும் அவன் மனைவி மார்ஜும் 1974-ல் பள்ளி மாணவர்கள். 2008-ல் வந்த எபிசோடில் அவர்கள் 1990-களில் காதலர்கள். கணக்குப்படி வேறு வழியில்லைதான். ஆனால் அந்த 1991 எபிசோடை நேசித்தவர்களுக்கு அது எரிச்சல். இதைத் தவிர்ப்பது சுலபம்: நினைவுக் காட்சியில் ஆண்டை எழுதாதீர்கள், வயதை மட்டும் சொல்லுங்கள். சுவர்க் காலண்டர், வண்டி மாடல், டிவிப்பெட்டி, கையில் இருக்கும் போன், இந்த நாலும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். பின்னணி ஓவியருக்கு இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

இன்னொரு வழி ஒரே தாவாகத் தாவுவது. 2009-ல் ஃபாக்ஸ் சேனலில் முடிந்த கிங் ஆஃப் தி ஹில் தொடர் 2025 ஆகஸ்டில் திரும்ப வந்தபோது, சிறுவன் பாபி 21 வயதுச் சமையல்காரனாகிவிட்டான். அப்பன் மகன் உறவு அப்படியே இருக்கிறது, ஆனால் "இதைச் செய்" என்று அப்பனால் கட்டளையிட முடியாது. ஒரு எண்ணை மாற்றினார்கள், பழைய சண்டை ஒவ்வொன்றும் புதிதாகிவிட்டது. இந்தத் தாவலை ஒரு தடவைதான் செய்ய முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நிரந்தர மாற்றங்களில் இன்னும் கவனம் தேவை. ஃபேமிலி கை தொடர் 2013 நவம்பரில் பிரையன் என்ற நாயைக் கொன்று, மூன்றே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தது. பரபரப்புக் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தொடரில் யார் செத்தாலும் பார்ப்பவர் நம்பமாட்டார். சௌத் பார்க் தொடரின் ஆரம்ப சீசன்களில் கென்னி என்ற சிறுவன் எபிசோடுக்கு எபிசோட் செத்தது வேறு கணக்கு: சாவு அங்கே ஆரம்பம் முதலே ஒரு ஜோக், யாரும் அதை நம்பச் சொல்லவில்லை. மாற்றம் செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் புதிதாகப் பிறக்கும் ஐந்து கதைகள் எவை? ஐந்தையும் அரைமணி நேரத்தில் எழுத முடியாவிட்டால் மாற்றம் வேண்டாம். கடந்த காலத்தை மாற்றுவது எல்லாவற்றிலும் மோசம். 1997-ல் சிம்ப்சன்ஸ், தலைமையாசிரியர் ஸ்கின்னர் அத்தனை வருஷமும் வேறொருவரின் பெயரில் வாழ்ந்தவர் என்றது. அதனால் ஒரு புதுக் கதையும் திறக்கவில்லை. பார்த்து முடித்த எட்டு சீசனின் மதிப்புதான் குறைந்தது. அந்த எபிசோடின் முடிவிலேயே ஊரார் கூடி, இனி இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று முடிவெடுக்கிறார்கள். எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கதைப் பேரேடு

"இதை ஏற்கெனவே செஞ்சாச்சே!" என்ற குரல் எழுத்தாளர் அறையில் தினமும் கேட்கும். 2002-ல் சௌத் பார்க் இதையே ஒரு எபிசோடாக்கியது. பட்டர்ஸ் என்ற சிறுவன் போடும் திட்டம் ஒவ்வொன்றும் சிம்ப்சன்ஸில் வந்துவிட்டதாக இருக்கும். கடைசியில், அந்தச் சிம்ப்சன்ஸே அதை வேறிடத்திலிருந்து எடுத்ததுதானே, அதனாலென்ன என்று முடியும்.

சரியான முடிவு, ஆனால் பாதிதான். இடமும் சூழலும் திரும்பலாம், ஆசையும் தடையும் திரும்பக்கூடாது. ஆகவே இதுவரை வந்த கதைகளைக் குறித்துவைக்கும் பேரேட்டில் "விமான நிலையக் கதை", "பிறந்தநாள் கதை" என்று எழுதிவைத்துப் பயனில்லை. கதைக்கு ஐந்து கட்டம் போடுங்கள்: யார், எதற்கு ஆசைப்பட்டார், யாரிடமிருந்து, எது தடுத்தது, எப்படி முடிந்தது. புதுக் கருவுடன் மூன்று கட்டங்கள் பொருந்தினால் தள்ளிவிடுங்கள். இடம் மட்டும் ஒத்துப்போனால் கவலைப்படாமல் எழுதுங்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு குடும்பத் தொடர். அப்பா தன் தப்பை ஒப்புக்கொள்ளவே மாட்டார். பேரேட்டைப் புரட்டினால், அவர் தப்புச் செய்தார், மறைக்கப் பொய் சொன்னார், பொய் பெருத்தது, குட்டு உடைந்தது என்று ஒன்பது தடவை வந்திருக்கிறது. பத்தாவதாக அதையே நிலாவுக்குக் கொண்டுபோவது பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவது. குணத்தைத் தொடாமல் கேள்வியைத் திருப்புங்கள்: இந்தத் தடவை அவர் சொல்வது உண்மை, யாரும் நம்பவில்லை.

கரு: பால்கனிக்கு வரும் கிளி ஒன்று அவருடைய ஏடிஎம் பின் நம்பரைச் சொல்கிறது. முதல் வரைவு இப்படி இருக்கும்: கிளி வருகிறது. அப்புறம் நம்பரைச் சொல்கிறது. அப்புறம் அப்பா துரத்துகிறார். அப்புறம் கிளி தெருவெல்லாம் சொல்கிறது. அப்புறம் பணம் போகிறது. ஒவ்வொரு துண்டும் சிரிப்பாக இருக்கலாம், மொத்தத்தில் தூக்கம் வரும். சௌத் பார்க்கை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொன்ன பாடம் இங்கேதான் உதவும்: இரண்டு துண்டுக்கு நடுவே "அப்புறம்" வந்தால் கதை செத்தது, "அதனால்" அல்லது "ஆனால்" வர வேண்டும்.

மாற்றி எழுதுவோம். கிளி நாலு இலக்கத்தையும் சொல்கிறது, அதனால் அப்பா பதறி வீட்டாரைக் கூப்பிடுகிறார், ஆனால் அவர்கள் வந்ததும் கிளி வாயே திறக்கவில்லை, அதனால் அதைப் பேசவைக்க முதல் இரண்டு இலக்கத்தை அவரே எடுத்துக்கொடுக்கிறார், ஆனால் மகள் அதைக் குறித்துக்கொண்டு, "கிளிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்கிறாள். இங்கே நிறுத்திப் பாருங்கள். உண்மை என்னவென்றால், அவருக்கு நம்பர் மறந்துபோகிறது, தினமும் காலையில் பால்கனியில் நின்று முணுமுணுத்து மனப்பாடம் செய்கிறார். மறதி இருப்பதை அவர் என்றைக்குமே ஒப்புக்கொண்டதில்லை. தான் சொல்வது நிஜம் என்று நிரூபிக்க வேண்டுமானால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது எபிசோடாக இருந்த அதே குணம்தான், இப்போது அவரையே மாட்டிவிடுகிறது. அதனால் நம்பரையே மாற்றிவிடுகிறார்; ஆனால் புது நம்பரும் நினைவில் நிற்கவில்லை. கடைசிக் காட்சியில் வசனம் எதுவும் வேண்டாம்: தோளில் கிளியுடன் ஏடிஎம் வரிசையில் அப்பா.

இந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். பத்து எபிசோட் சீசனுக்கு 40 ஒற்றைவரிக் கருக்கள் எழுதுங்கள். 18-ஐ ஒரு பக்கமாக விரியுங்கள். 12-ஐ காட்சி வரிசையாக்குங்கள். 10-ஐ எடுங்கள், இரண்டு கையிருப்பு. நாற்பதில் முதல் பதினைந்தும் கிட்டத்தட்ட எப்போதும் பழையதாகவே இருக்கும். அவற்றை எழுதித் தீர்த்தால்தான் அடுத்தது வரும். சீசனின் நீளத்தைக் குறைப்பதும் நல்ல வைத்தியம்: சீசனுக்கு 14 எபிசோட் எடுத்துவந்த சௌத் பார்க் 2013-ல் 10-க்கு இறங்கியது.

ஜோக்கு செத்தது யாருக்கு?

எல்லோரும் உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டை வாய்விட்டு வாசிக்கும் முதல் நாளில், கையில் ஒரு பிரதியுடன் ஒருவரை மூலையில் உட்கார வையுங்கள். எங்கே அறை சிரித்ததோ அங்கே டிக், பலமான சிரிப்புக்கு இரண்டு டிக். அவர் வேலை அவ்வளவுதான்.

இந்தப் பிரதி எதற்கென்றால், குரல் பதிவு, ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்), அனிமேட்டிக் (அந்தப் படங்களைக் குரலோடு கோத்து ஓட்டிப்பார்க்கும் வீடியோ), முழு அனிமேஷன், திருத்தம் என்று ஒரு எபிசோட் மாதக்கணக்கில் கைமாறும். அதே ஜோக்கை நூறு தடவை கேட்டவர்களுக்கு அது செத்துவிடும். "இது வேலைக்காகாது, மாத்து" என்பார்கள். முதல்முறை பார்க்கப்போகிறவருக்கு அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நல்ல ஜோக்கை எடுத்துவிட்டு, புதிதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சுமாரானதை வைப்பது நீண்ட தொடர்களில் தினசரி நடக்கும் விபத்து. இரண்டு டிக் வாங்கியதைத் தொட வேண்டுமானால் காரணம் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த குறை, வசனம் பெருகுவது. வருஷம் ஆக ஆகப் படம் வானொலி நாடகமாகிவிடும். அனிமேட்டிக்கைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். மூன்று நிமிடம் தொடர்ந்து ஒரு சிரிப்பும் வரவில்லையென்றால், எழுதுபவர்கள் ஓவியர்களை வேலை செய்ய விடவில்லை என்று பொருள். ஸ்பாஞ்ச்பாப்பில் எழுத்தாளர் சுருக்கமான கதைக்கோடு மட்டும் கொடுக்க, வசனத்தையும் சேட்டையையும் ஸ்டோரிபோர்டு ஓவியர்களே வரைந்து உருவாக்கும் முறை இருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்கிரிப்ட்டில் எபிசோடுக்கு மூன்று இடத்தில் "இங்கே 8 விநாடி, வசனம் இல்லை, எப்படியாவது கதவைத் திறக்கிறான்" என்று மட்டும் எழுதி விட்டுவிடுங்கள். அனிமேட்டிக் 24 நிமிடம் வரை வரட்டும், இரண்டு நிமிடம் வெட்டினால் வேகம் தானாக வரும். பாத்திரத்தின் முகம், அதை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் மாதிரித்தாளை விட்டு விலகக்கூடாது என்று கறாராக இருப்பதையும் கொஞ்சம் தளர்த்துங்கள். படம் துல்லியமாகத் துல்லியமாக முகபாவம் இறுகிப்போகும்.

செய்தியைத் துரத்துவது, புதுமுகத்தைச் சேர்ப்பது

சௌத் பார்க் ஒரு எபிசோடை ஆறு நாளில் முடிக்கும் என்பதால் அந்த வாரச் செய்தியைக் கிண்டலடிக்க முடிகிறது. அவர்களே 2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு வேறாகிப்போக, மறுநாள் ஒளிபரப்ப வேண்டிய எபிசோடை அவசர அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் தயாரிப்பு மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமானால் செய்தியை விட்டுவிட்டு, செய்திக்குப் பின்னால் இருக்கும் மனித புத்தியை எடுங்கள். ஒரு செயலியின் பெயரைக் கிண்டல் செய்தால் வெளிவரும்போது அந்தச் செயலியே இருக்காது. ஓசியில் கிடைக்கும் பாராட்டுக்கு அலைவது எந்த வருஷமும் இருக்கும்.

"ஒரு புதுப் பாத்திரத்தைப் போடலாமா?" என்று காசு போடுபவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பழைய கார்ட்டூன் தொடரான ஃபிளின்ட்ஸ்டோன்ஸின் 166 எபிசோட் கணக்கை சிம்ப்சன்ஸ் தாண்டியது 1997 பிப்ரவரியில். அந்த எபிசோடின் கதையே இதுதான். கதைக்குள் வரும், பழசாகிப்போன ஒரு கார்ட்டூனில் பூச்சி (Poochie) என்ற நவநாகரிக நாயை நுழைக்கிறார்கள், யாருக்கும் பிடிக்காமல் துரத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவராமல், பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பவரை முன்னால் இழுங்கள். சௌத் பார்க்கில் பட்டர்ஸ் அப்படி வந்தவன்தான். முன்னால் வருபவர், ஏற்கெனவே இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே புதுத் தகராறை உண்டாக்க வேண்டும். தனியாக நின்று ஜோக் அடிப்பவர் மூன்று எபிசோட்கூடத் தாங்கமாட்டார்.

விதியை உடைக்கும் எபிசோடுகள் சீசனுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சிம்ப்சன்ஸின் பேய்க்கதைச் சிறப்பு எபிசோட் 1990 முதல் ஆண்டுக்கு ஒன்று என்று வருகிறது. அதில் யார் செத்தாலும் அடுத்த வாரக் கதைக்குக் கணக்கில்லை. மாதாமாதம் உடைத்தால் உடைப்பதே விதியாகிவிடும்.

ஆட்கள், குரல்கள்

இரண்டு சீசனுக்கு ஒருமுறை எழுத்தாளர்களில் மூன்றில் ஒருவர் புதியவராக இருக்கட்டும். வந்தவுடன் அவர்களுக்கு முதல் இரண்டு சீசனைக் காட்டுங்கள், கடைசி இரண்டை வேண்டுமென்றே காட்டாதீர்கள். ஜெராக்ஸ் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தடுப்பு கிடையாது.

குரல் கொடுப்பவருக்கு வயதாகும், சிலர் இறந்துபோவார்கள், சிலரை அனுப்ப வேண்டிவரும். சசாயேவுக்கு 1969 முதல் மிடோரி காதோவே குரல் கொடுக்கிறார். அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. டோரேமான் 2005-ல் முக்கியக் குரல்களை ஒரேயடியாக மாற்றியது. சிம்ப்சன்ஸில் ஆசிரியை எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-ல் இறந்தபோது, அந்தப் பாத்திரத்துக்கே ஓய்வு கொடுத்தார்கள். குரல் மாற்றுவதானால் தேர்வில் வசனத்தை மட்டும் பேசச் சொல்லாதீர்கள். சிரிப்பு, இருமல், ஓடிவந்து மூச்சு வாங்குவது, தூரத்தில் இருப்பவரைக் கத்திக் கூப்பிடுவது, இவற்றில்தான் போலி தெரியும். அசல் போலவே பேசுபவரைவிட, அசல் எங்கே இடைவெளி விடுமோ அங்கே விடுபவர் நீண்ட நாள் தாங்குவார்.

கடையைக் கொஞ்ச நாள் சாத்துவது

40 கருக்கள் எழுத உட்கார்ந்து, அடுத்தடுத்து இரண்டு சீசனாக 25-ஐத் தாண்ட முடியவில்லையென்றால் ஒரு வருஷம் நிறுத்துங்கள். ஃபேமிலி கை 2002-ல் நிறுத்தப்பட்டு 2005-ல் திரும்பியது, ஃபியூச்சுராமா பல தடவை போய்ப்போய் வந்தது. நிறுத்துவதென்று முடிவானால் ஆட்கள் கலைவதற்கு முன் நாலு பொருளை ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள்: பாத்திரங்களின் ஐந்துவரிப் பக்கங்கள், கதைப் பேரேடு, ஓவியங்களின் மூலக் கோப்புகளோடு அவற்றைத் திறக்கும் மென்பொருளின் பதிப்பு எண், ஒவ்வொரு குரலுக்கும் இசை கலக்காத பத்து நிமிடப் பதிவு. மூன்றாவது பெரும்பாலும் விட்டுப்போகும். நாலு வருஷம் கழித்துக் கோப்பு திறக்காமல், நாயகனின் மூக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வரைந்துகொண்டிருப்பீர்கள்.